அணைத்து வைத்த லேயர்

புதிதாக வந்திருக்கும் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது சொல்லிக்கொடுங்கள் என்று அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கட்டட வரைபடத்தை மேடை விளக்கு மென்பொருளுக்குள் எப்படிக் கொண்டுவருவது, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்ததை நீங்கள் ஒரு மதியத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "தவமணி அக்கா தன்னோட தப்பைத் தானே பிரிண்ட் போட்டு, சைன் வச்சு, ஆபிசர் கையில கொடுத்தவங்க. கட்ஸ் லா!" எனக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. அந்தக் கதை இந்தத் தொழிலில் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது பாதிக் கதை. மீதியை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் அது என்னைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. இன்றைக்கு அதைச் சொல்கிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன். ஏழு ஆண்டுகள் ஆகியும் எனக்குக் கோபம் தணியவில்லை.

நான் இருபது ஆண்டுகள் பங்சாரில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவள். பிறகு அதை விட்டுவிட்டு மேடை விளக்கு நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். கட்டட வரைபடத்தைப் படிக்கத் தெரிந்து, விளக்கு வரைபடமும் போடத் தெரிந்த ஆட்கள் அப்போது குறைவு. ஒரு மண்டபத்தின் வரைபடம் வந்தால், கூரையில் எங்கே இரும்பு பீம் ஓடுகிறது, அது எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, விளக்குகள் பூட்டிய அலுமினியச் சட்டத்தை எந்தெந்தப் புள்ளியில் தொங்கவிடலாம் என்று குறித்துக் கொடுப்பேன். அந்தச் சட்டத்தை ட்ரஸ் என்போம். விளக்கும் கேபிளும் சேர்ந்தால் ஒரு ட்ரஸ் அரை டன்னுக்குக் குறையாது. அதற்குக் கீழேதான் ஆட்கள் ஆடுவார்கள், பாடுவார்கள். நான் ஒரு புள்ளி வைத்தால் அதற்கு அடியில் ஒரு தலை இருக்கிறது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன்.

கிள்ளானில் ஒரு சமூக மண்டபம். அறுபது பிள்ளைகள் ஆடும் நாட்டிய நிகழ்ச்சி. மண்டபக் குழு வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தது. திறந்து பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடுகளை அடுக்கடுக்காகப் பிரித்து, வேண்டியதை எரியவிட்டு வேண்டாததை அணைத்து வைக்கிறோமே, அந்த லேயர்களுக்கு நான் மட்டுமே வைக்கும் பெயர்கள். தலைப்புக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். பங்சார் அலுவலகத்தை விடுவதற்கு ஓராண்டு முன்பு, அந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது நான் வரைந்தது. மேலே பெரிய எழுத்தில் 'ஆஸ்-பில்ட்' என்று இருந்தது. கட்டி முடித்த பிறகு, உள்ளே என்ன இருக்கிறதோ அதை அப்படியே காட்டும் வரைபடம் என்று அதற்கு அர்த்தம். சட்டப்படி அர்த்தம் அதுதான்.

வழக்கமாக நான் ஒரு வாரம் முன்னதாக ஆளை அனுப்பிக் கூரைக்குள் பார்த்துவரச் சொல்வேன். இந்த முறை அனுப்பவில்லை. நானே வரைந்ததைச் சரிபார்க்க இன்னொருவர் எதற்கு என்று நினைத்தேன். மேடைக்கு மேலே ஓடிய மூன்று பீம்களில் எட்டுப் புள்ளி குறித்து, இரண்டு ட்ரஸ் போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் காலை ஒன்பது மணிக்கு லோரி வந்தது. ட்ரஸ் கட்டுவதற்கு ஷாகுல் வந்திருந்தார். இராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வேலை பெர்மிட்டில் வந்து ஆறு ஆண்டுகளாக எங்கள் நிறுவனத்தில் இருந்தார். அதிகம் பேசமாட்டார். கூரைக்குள் ஏறினால் எலி மாதிரி எல்லா மூலைக்கும் போய்விட்டுத்தான் இறங்குவார். அன்றைக்கு இறங்கி வந்தபோது தலையெல்லாம் பஞ்சும் ஒட்டடையும்.

"அக்கா, மேல பீம் இல்லக்கா."

"இல்லைன்னா? சரியாப் பார்த்தீங்களா?"

"இந்தச் செவத்துலேருந்து அந்தச் செவுரு வரைக்கும் தவந்து போய்ப் பாத்தேன். ஆடியன்ஸ் பக்கம் ரெண்டு பீம் இருக்கு. மேடைக்கு மேல ஒன்னும் இல்ல. தகரத்தத் தாங்குற மெல்லிசுச் சட்டந்தான்."

நான் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். திரையில் கூரையைக் கழற்றி, மண்டபத்தைச் சுழற்றி, பீம்களை மட்டும் சிவப்பாக்கிக் காட்டினேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது.

"இதுல நல்லாத்தாங்க்கா இருக்கு," என்றார் ஷாகுல். "நீங்க ஒரு தடவ மேல வந்து பாத்துருங்க. ஏணிய நான் புடிச்சுக்கிறேன்."

"நான் ஏறணுமா? இதை வரைஞ்சதே நான்தான், தெரியுமா?"

இதைச் சொன்னது நான். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

சத்தம் கேட்டு எங்கள் முதலாளி ராகவன் வந்தார். அவருக்கு அன்று மதியம் போர்ட் கிள்ளானில் இன்னொரு வேலை இருந்தது. பதினொரு மணிக்குப் பிள்ளைகள் மேடை ஒத்திகைக்கு வருவதாக ஏற்பாடு. என்ன பிரச்சினை என்று கேட்டார். ஷாகுல் சொன்னார். ராகவன் என்னைப் பார்த்தார். நான், "டிராயிங்ல பீம் இருக்கு பாஸ்," என்றேன்.

"அப்புறம் என்ன? மேல இருக்குற சட்டத்துலயே கட்டு. போன மாசம் கூட இங்க லைட்டு தொங்குச்சு."

"அது சின்ன லைட்டு சார். நாலு பேரு கையால தூக்குறது. இது அந்தச் சட்டத்துல தாங்காது. நான் கட்ட மாட்டேன்."

"நீ இஞ்சினியரா?"

"இல்ல சார்."

"அப்ப சொன்னதைச் செய். பெர்மிட் எப்ப முடியுதுன்னு ஞாபகம் இருக்கா? ரினியூ பண்றது யாரு? உன்னைய அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிட எனக்கு ரெண்டு வாரம் போதும்."

ஷாகுல் என்னைப் பார்த்தார். ராகவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஆறு ஆண்டுகள் நான் வைத்த புள்ளிகளில் எல்லாம் ஏறிக் கட்டியவர். ஒரு தடவைகூட வேலையில் குறை வைத்ததில்லை என்பது எனக்குத் தெரியும். இவர் சொன்னால் ஏதோ இருக்கும் பாஸ், அரை மணி நேரம் நிறுத்துவோம் என்று நான் சொல்லியிருக்கலாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டு மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அனுப்புறதுன்னா அனுப்பிருங்க சார்," என்றார் ஷாகுல். "நடந்து போறேன். பொட்டியில போக மாட்டேன்."

இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புப் பட்டையைக் கழற்றினார். சுருட்டி, என் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் லோரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டவர் டேவிட். பந்திங் ஊர்க்காரர் என்பதால் பந்திங் பையன் என்று கூப்பிடுவோம், ஆனால் பையன் இல்லை, மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒலிபெருக்கி மாட்டுவதுதான் அவர் வேலை. "நான் ஏறுறேன் பாஸ், பரவால்ல," என்றார். அவரும் பயந்துதான் ஏறினார் என்று பின்னால் சொன்னார். பெர்மிட் பேச்சைக் கேட்ட பிறகு உள்ளூர்க்காரருக்கும் பயம் வரும்.

மேலே, ட்ரஸைத் தூக்கும் செயின் மோட்டார்களை அந்த மெல்லிய சட்டங்களில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே எனக்கு ஆத்திரம். ஷாகுல் மேல் ஆத்திரம். என் வரைபடத்தைப் பொய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாரே என்று. பீமின் அளவோடு ஒரு குறுக்குவெட்டுப் படம் அச்சடித்து அவர் கையில் கொடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்காகப் பழைய கட்டடக் கோப்பைத் திறந்தேன். பீம் அளவு எந்த லேயரில் இருக்கிறது என்று நினைவில்லை. அதனால் அணைந்திருந்த எல்லா லேயர்களையும் ஒரே அடியாக எரியவிட்டேன்.

மேடைக்கு மேலே சிவப்பில் ஒரு மேகக் குறி எழுந்து வந்தது. மாற்றம் நடந்த இடத்தைச் சுற்றி நாம் போடுகிறோமே, அதே வளைவுக் கோடு. அதற்குள் நான் எழுதியது: 'இந்த மூன்று பீம்களும் நீக்கம். ஒப்பந்தக்காரர் கடிதம் பார்க்க. தளத்தில் சரிபார்க்க வேண்டும். த.ம.'

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. குளிர்சாதனக் குழாய் போக இடம் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் அந்த மூன்று பீம்களை எடுத்துவிட்டு, மெல்லிய சட்டங்களால் கூரையைத் தாங்க வைத்திருந்தார். பொறியாளரும் ஒப்புக்கொண்டிருந்தார். கூரையை அது தாங்கும், வேறு எதையும் தாங்காது. நான் கடிதத்தைப் படித்துவிட்டு மேகக் குறி போட்டு, மண்டபத்துக்குப் போய்ப் பார்த்து வரைபடத்தைத் திருத்தவேண்டும் என்று என் அப்போதைய முதலாளியிடம் கேட்டேன். அவர், "நாளைக்கு ஹேண்டோவர். போய்ப் பார்க்க எல்லாம் நேரம் இல்ல. டைட்டிலை ஆஸ்-பில்ட்னு மாத்து. அந்த மேகத்தை எல்லாம் ஆஃப் பண்ணிடு, பார்த்தா கிளையண்ட் கேள்வி கேட்பான்," என்றார்.

நான் லேயரை அணைத்தேன். தலைப்பை மாற்றினேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. அனுப்பிவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனேன். இது எங்கோ ஒரு கெட்ட அலுவலகத்தில் நடந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் வேலை பார்த்த இருபது ஆண்டுகளில் ஆஸ்-பில்ட் என்று பெயர் மாற்றி அனுப்பிய வரைபடங்களில் எத்தனைக்கு ஆள் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால், ஒரு கை விரல் போதும். பிறகு அதே வரைபடத்தை உங்களைப் போல ஒருவர் வேறொரு மென்பொருளில் திறப்பார். எரிகிற லேயர்கள் மட்டும் உள்ளே வரும். அணைந்தது அணைந்தே கிடக்கும். எனக்கு வந்ததும் அப்படித்தான்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். "இறக்குங்க! இறக்குங்க!" என்று கத்தினேன். ட்ரஸ் அதற்குள் ஆள் உயரத்துக்கு மேலே போயிருந்தது. மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேலே தகரத்தை முறுக்குவது போல ஒரு சத்தம் வந்தது. ட்ரஸின் இடது பக்கம் சட்டென்று சரிந்தது. கூரைப் பலகைகள் இரண்டு உடைந்து மேடையில் விழுந்தன, அந்த ஓட்டை வழியாக டேவிட்டின் கால்கள் தெரிந்தன. பாதுகாப்புப் பட்டை அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் விழும்போது கையை ஊன்றியதில் மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. வெளியே இருந்து ஓடிவந்து, ஏணியை நிறுத்தி, அவரைத் தோளில் தாங்கி இறக்கியவர் ஷாகுல். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

டேவிட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளின் பேருந்து வாசலில் வந்து நின்றது. சலங்கைப் பைகளோடு இறங்கினார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பலகைகளுக்கு அடியில் வரிசையாக நின்றிருப்பார்கள்.

என் திரையில் அந்த மேகக் குறியைப் பார்த்திருந்த ராகவன், அன்று மதியம் மண்டபத்தின் சின்ன அலுவலக அறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"டேவிட்டும் ஷாகுலும் டிராயிங் பார்க்காம இடம் மாத்திக் கட்டிட்டாங்கன்னு ரிப்போர்ட் எழுதுறேன். நீ அந்த லேயரை டிலீட் பண்ணிட்டு எனக்கு கிளீன் ஃபைல் அனுப்பு."

"பாஸ், பீமே இல்ல."

"தெரியும் லா. அந்த மேகத்துல யார் பேர் இருக்கு? உன் பேருதானே? நான் உனக்காகத்தான் சொல்றேன், தவமணி."

ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறுநாள் வரை அந்த ஆசை இருந்தது. நிகழ்ச்சி, தரையில் நிறுத்திய விளக்குகளோடு எப்படியோ நடந்தது. நான் பின்வரிசையில் நின்று, அந்தப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு லேயரை அழிக்க என்னால் முடியவில்லை. கிள்ளானிலேயே ஒரு அச்சுக் கடைக்குப் போய், மேகக் குறியோடு முழு வரைபடத்தையும் பெரிய தாளில் எடுத்தேன். அதன் ஓரத்தில், 'இந்த மாற்றம் எனக்குத் தெரியும். இந்த லேயரை அணைத்து அனுப்பியது நான்' என்று எழுதிக் கையெழுத்து போட்டு, விசாரிக்க வந்த அரசாங்கத் தொழில் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்தேன்.

நீங்கள் கேள்விப்பட்ட கதை இங்கே முடிகிறது. கட்ஸ் லா!

மீதியைக் கேளுங்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் ராகவனுக்கு உயிர் வந்துவிட்டது. 'வரைபடம் தப்பு, நாங்கள் அதை நம்பினோம்' என்று மறுநாளே எழுதிக் கொடுத்தார். என் வீரம் அவரைத்தான் காப்பாற்றியது. அதிகாரி நல்ல மனிதர், நிதானமாக விசாரித்தார். "ஏறுவதற்கு முன்னால் யாராவது எச்சரித்தார்களா?" என்று மலாயில் கேட்டார். ஷாகுல் சொன்னார் என்றேன். "பிறகு ஏன் வேலையை நிறுத்தவில்லை? யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டார். ராகவன் அதே அறையில், சுவரோரமாக, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் இன்னும் அவரிடம்தான் வேலையில் இருந்தேன். "எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, என்சிக்," என்று மரியாதையாகச் சொன்னேன்.

கேட்கவில்லையாம்! என் மேசைக்கு இரண்டடியில் நின்று பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஒரு லேயரை எரியவிட்டுக் காட்டியதற்காக என்னைப் புகழ்கிறீர்களே, அந்த அறையில் நான் இன்னொன்றை அணைத்தேன். அதைப் பற்றி எந்தத் தாளிலும் எழுதவில்லை.

அறிக்கையில் மிரட்டல் இல்லை. மிரட்டல் இல்லாததால் ஷாகுல் வெறுமனே வேலை செய்ய மறுத்த ஆள் ஆனார். மூன்று மாதம் கழித்து அவருடைய பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கேட்க அவருக்கு வழியும் இல்லை. டேவிட்டின் கை முழுதாகச் சரியாகவில்லை, இன்றும் கனமானதைத் தூக்கமாட்டார். பங்சார் அலுவலகத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. ராகவன் இப்போது முன்பைவிடப் பெரிய நிகழ்ச்சிகள் செய்கிறார். நான் அங்கிருந்து விலகி இங்கே வந்தேன். வரும்போதே என்னைப் பற்றிய நல்ல பெயர் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன். கூரைக்குள் போய்வந்த ஒருவர் உங்களிடம் "அங்கே இல்லை" என்றால், திரையைத் திருப்பிக் காட்டாதீர்கள். கணினியை மூடுங்கள். அவருடைய பெர்மிட், வேலை, சோறு எல்லாம் இன்னொருவர் கையில் இருக்கும்போதும் ஒருவர் மறுத்துப் பேசுகிறார் என்றால், அவர் சும்மா பேசவில்லை. அப்போது உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும். அந்த நிமிடத்தில் வரவேண்டும். நான் செய்தது மாதிரி, பிறகு அழகாக அச்சடித்துக் கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஷாகுல் ஊருக்குப் போன அன்று நான் விமான நிலையத்துக்குப் போனேன். யாரும் வழியனுப்ப வரவில்லை. ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். வரைபடத்தைப் பற்றி, லேயரைப் பற்றி, அதிகாரியிடம் சொன்ன பொய்யைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டிராயிங் தப்பாவுறது ஒலகத்துல நடக்குறதுதாங்க்கா," என்றார். "அன்னிக்கு சாரு பேசுறப்ப நான் ஒங்களப் பாத்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அறிவிப்பு வந்தது, பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான் கிளம்பத் திரும்பியபோது கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ஹால்ல ஆடியன்ஸ் பக்கம் ரெண்டாவது பீம் இருக்குல்ல. செவத்தோட சேர்ற எடத்துல, கீழ் வரிசையில ஒரு போல்ட்டு லூசு. அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன், அதுக்குள்ள வேற பேச்சாப் போச்சு. கமிட்டிக்காரங்ககிட்ட சொல்லிருங்க. கீழ சனங்க உக்கார்ற எடம்."

நான் அங்கிருந்து நேராகக் கிள்ளானுக்குக் காரை ஓட்டினேன். மண்டபக் காவலாளியைக் கூப்பிட்டு ஏணியைப் பிடிக்கச் சொன்னேன். "ஆன்டி, வேணாம், நான் ஏறுறேன்," என்றார். வேண்டாம் என்றேன். அதுவரை எத்தனையோ கூரைகளை வரைந்திருக்கிறேன், ஒன்றுக்குள்ளும் ஏறியதில்லை. உள்ளே சூடு, தூசி, இருட்டு. கைப்பேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு தவழ்ந்து போய், இரண்டாவது பீமைக் கண்டுபிடித்தேன்.

கீழ் வரிசைப் போல்ட்டில் விரலை வைத்தேன். ஸ்பேனரே தேவைப்படவில்லை, சுழன்றது.